மணி அடிக்காத கதை

– மணி அடிச்சாதான் பக்கத்தைத் திருப்பணும், தம்பி. இங்க அதுதான் சட்டம். உங்க பொண்ணு மட்டும் மணிக்குக் காத்திருக்கறதே இல்ல.

– நான் மணியைப் பத்திப் பேச வரல, டீச்சர். பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன். சுருக்கமா முடிங்க.

– இன்னும் டீச்சரா! நல்லா சொன்னீங்க போங்க. கீழ இஸ்திரிக் கடை வெச்சிருக்கறவ நான். மாடி சும்மா கிடக்குதேன்னு பசங்களுக்கு விட்டுட்டேன். கதை அத்தைன்னு கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், நாலு வயசுக்குச் செஞ்சது. முட்டி போய் காதைத் தொடும்.

– நிக்கறேன். பாப்பா எங்க?

– ஒத்திகைக்குப் போயிருக்கா.

– என்ன ஒத்திகை? நாடகமா?

– பள்ளிக்கூட ஒத்திகை. திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குதில்ல? அதுக்கு முன்னாடி நம்ம தபால்காரர் இருக்காரே, ரிட்டயர் ஆனவர், ஒரு கயித்துல கலர் கலரா வளையம் கட்டி, ஆளுக்கு ஒண்ணைப் பிடிக்கச் சொல்லி, ரயில் மாதிரி ஓட்டிட்டுப் போவார். பையை எந்த ஆணியில மாட்டறது, பாத்ரூம் எந்தப் பக்கம், அவசரம்னா எப்படிக் கேக்கறது, எல்லாம் அங்கயே செஞ்சு பாத்துட்டு வருவாங்க. முதல் நாள் அழற அழுகையில பாதி, பாத்ரூம் எங்கன்னு தெரியாத அழுகைதான் தம்பி. மீதிப் பாதிதான் அம்மாவுக்கு.

– மழை கொட்டுது. இதுலயா கூட்டிட்டுப் போனாரு?

– மழை விடற வரைக்கும் ஸ்கூல் வராந்தாவுல நிறுத்தி வெச்சிருப்பார். கிழவர் கெட்டி. ஒரு தபாலைக்கூட நனைய விட்டதில்லன்னு இன்னும் பெருமையடிப்பார். உங்க பொண்ணையா நனைய விடுவார்?

– திங்கட்கிழமை அவ எந்த ஸ்கூலுக்கும் போகப் போறதில்ல. நாங்க ஊரை மாத்தறோம். சாமான் ஏத்தியாச்சு, வேன் கீழ நிக்குது.

– அட! அந்த ஹாரன் உங்களுக்குத்தானா? நான் இஸ்திரிக்கு வந்த ஆளுன்னு நினைச்சேன். படகுத்துறை வேலை?

– விட்டுட்டேன். இன்ஜின் தெரிஞ்சவனுக்கு எங்க போனாலும் சோறு.

– திடுதிப்புன்னு சொல்றீங்களே. பச்சை வளையத்தை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா தெரியுமா? சரி, சட்டைப் பட்டனைப் பாருங்க. மேல ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க. இங்க அஞ்சு வயசுக்கு அதைத்தான் சொல்லித் தர்றோம்.

– விளையாடாதீங்க. நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இங்க என் பொண்ணுக்கு என்ன போட்டுக் காட்டறீங்க?

– காட்டறதில்ல தம்பி, கேக்க வெக்கறோம். புத்தகத்தை மடியில வெச்சு, காதுல ஹெட்போன் மாட்டி விட்டா, கேசட்ல ஒருத்தங்க படிப்பாங்க. எங்க பசங்களோட அம்மா அப்பா பாதிப் பேரு ஷிஃப்ட்டு. வீட்டுக்கு வர்றப்ப புள்ள தூங்கியிருக்கும். யாரு கதை படிக்கறது? அதான் ஊர்ல போறவங்க வர்றவங்களைப் பிடிச்சு உள்ள தள்ளி, படிக்க வெச்சுடுவேன்.

– உள்ளன்னா?

– அதோ, அந்த மர அலமாரி. பழைய துணி பீரோதான். சுத்தி போர்வை அடிச்சு, மைக் வெச்சு, கதவுல சின்னதா ஒரு கண்ணாடியும் வெச்சாச்சு. மைக்கைப் போடலன்னா உள்ள பேசறது வெளிய கேக்காது. ஆனா வெளிய பேசறது மட்டும் உள்ள நல்லா கேக்கும். அது ஒரு தொல்லை. பேக்கரிக்காரர் படிச்ச சிங்கக் கதையில நடுவுல நான் ‘சட்டைக்குக் கஞ்சி போடணுமா’ன்னு கேக்கறது பதிவாகியிருக்கு. பசங்க சிங்கத்துக்குச் சட்டை உண்டுன்னே நம்பிட்டாங்க.

– என் கேள்விக்குப் பதில் வரல.

– கேளுங்க, கேளுங்க. எனக்கு ஓட்டவாய். நிறுத்தினாதான் நிக்கும்.

– வீட்ல ஒரே பேச்சு. அம்மா கதை சொன்னா, அம்மா கதை சொன்னா.

– பாவம், அம்மா இல்லாத புள்ளை...

– அம்மா இல்லாத புள்ளை இல்ல. அம்மா ஓடிப்போன புள்ளை. அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

– தெரியும் தம்பி. நீங்கதானே சேக்க வந்த அன்னிக்கே சொன்னீங்க. ஒரு ஃபோன்கூட வரலையா?

– வரல.

– போறப்ப எதாவது எடுத்துக்கிட்டுப் போனாங்களா? துணிமணி, நகை?

– கட்டின புடவையோட போனா. எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?

– சும்மாதான். பொம்பளை புத்தி. ஓடறவ ஒரு மாத்துத் துணி எடுக்க மாட்டாளான்னு தோணுச்சு. விடுங்க. பாப்பா என்ன செய்யறா வீட்ல?

– தட்டை மடியில வெச்சுக்கறா. சாப்பிட மாட்டேங்கறா. புத்தகம் மாதிரி அந்தத் தட்டை ஓரத்தைப் பிடிச்சுத் திருப்பறா. பக்கத்துல யாரோ உக்காந்து படிக்கற மாதிரி தலையைச் சாய்ச்சு வெச்சுக்கறா. நடுவுல நிறுத்தி, காது குடுத்து... அப்புறம் சிரிக்கறா. வெறும் சுவத்தைப் பாத்து. அந்த வீட்ல என்னால உக்கார முடியல.

– பசங்க விளையாட்டு தம்பி.

– நேத்து என்ன கேட்டா தெரியுமா? ‘அப்பா, தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து வெச்சா எரியுமா?’

– ஐயோ, அது கேக்கற வயசுதானே.

– எரியும்னேன். ‘ஆமா, அம்மாவுக்கு எரிஞ்சுதாம்’னு சொல்லிட்டு சோத்துல கோலம் போடறா.

– அட, அது கதையில வர்றது! ஒரு அம்மாத் தவளை ஆத்தைத் தாண்டி வரும். கண்ணு எரிஞ்சாலும் மூடாது. மூடினா கரை தெரியாதே. அதைப் போய்... உங்களுக்கு வேர்க்குதே தம்பி. ஃபேனைப் போடட்டுமா?

– யாரு படிக்கறது அந்தக் கதையை?

– பேரு சொல்றதில்ல, அதுவும் இங்க சட்டம். குரல் மட்டும்தான். பசங்களே பேரு வெச்சுடுவாங்க. பேக்கரிக்காரருக்கு இருமல் மாமா. பஸ் கண்டக்டருக்கு ரைட்டு ரைட்டு மாமா. பக்கம் முடிஞ்சா அவரு மணி அடிக்காம விசில் அடிச்சுடுவார்.

– தவளைக் கதை.

– அவங்க புது ஆளு. பிஞ்சுபோன புத்தகத்துக்கு முதுகு ஒட்டித் தர்றேன்னு ஒரு நாள் வந்து நின்னாங்க. தூசி ஆகாதுன்னு மூஞ்சியை மூடிட்டுத்தான் வேலை செய்வாங்க. பசங்க இருக்கற நேரத்துக்கு வரவே மாட்டாங்க. குரல் நல்லா இருக்கேன்னு நான்தான் உள்ள தள்ளினேன். ஒரே குறை, மணி அடிக்க மாட்டாங்க. எழுத்துத் தெரியாத புள்ளைக்குப் பக்கம் முடிஞ்சுதுன்னு மணிதானே சொல்லணும்? கையில கொடுத்துப் பாத்தேன், கண்ணாடி வழியா சைகை காட்டிப் பாத்தேன். படிக்க ஆரம்பிச்சா மறந்துடறாங்க. பக்கம் முடிஞ்சா மூச்சை இழுத்து ஒரு ‘ம்’. அவ்வளவுதான்.

– ‘ம்’மா?

– ஆமா. மத்த பசங்களுக்கு அது விளங்கல. யானைப் படத்தைப் பாத்துக்கிட்டு எலிக் கதையைக் கேட்டுட்டு உக்காந்திருக்குங்க. உங்க பொண்ணு மட்டும் ஒரு பக்கம் தப்பணுமே! அந்த ‘ம்’ வர்றதுக்கு முன்னாடியே விரல் ஓரத்துல நிக்கும். பாத்து நான் அசந்துட்டேன். இந்தப் புள்ளைக்கு இந்தக் குரலோட எத்தனை நாள் பழக்கம்னு.

– அந்தக் கேசட்டைப் போடுங்க.

– இப்பவா? வேன்காரன் வேற கத்தறானே.

– கத்தட்டும். போடுங்கன்னா போடுங்க.

– சரி சரி. ஹெட்போன் உங்க தலைக்குப் பத்தாது. ஸ்பீக்கர்ல போடறேன். கொஞ்சம் கரகரங்கும்.

– “தவளைக்குட்டி, தவளைக்குட்டி! கண்ணைக் குடு, காதைக் குடு, கதையை வாங்கிக்கோ. திங்கட்கிழமை தவளைக்குட்டி பள்ளிக்கூடம் போறா. ம்...”

– நிறுத்துங்க!

– நிறுத்தியாச்சு. என்ன தம்பி, அந்தச் சின்ன நாற்காலியிலயே உக்காந்துட்டீங்க? வேண்டாம்னேனே.

– தவளைக்குட்டி. அந்தப் பேரை யாரு சொன்னது உங்களுக்கு?

– நான் சொல்லலையே. எங்க கிட்ட அவ வெறும் பாப்பாதான்.

– இது பழைய பதிவு. அவ... அவ போறதுக்கு முன்னாடி எங்கயோ படிச்சு வெச்சது. யாரோ கொண்டுவந்து குடுத்திருக்காங்க.

– இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? மேல கேப்போமா? இதோ, போட்டுட்டேன்.

– “தவளைக்குட்டிக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. அந்த ஓட்டையில நாக்கை விட்டு விட்டுப் பாக்கறா. புது ஷூ சிவப்பு. இடது கால் மட்டும் கடிக்குது. அப்பாகிட்ட சொல்ல பயம். பரவால்ல, ரெண்டு நாள்ல இளகிடும். ம்...”

– பல்லு எப்ப விழுந்தது தம்பி?

– போன வாரம்.

– ஷூ?

– அதுக்கும் பின்னாடி. நான்தான் வாங்கினேன்.

– பாப்பா அம்மா போனது?

– போன மழைக்காலம். டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க! எனக்குப் புரியாம இல்ல. யாரையோ வெச்சு அவ மாதிரி பேசச் சொல்லி...

– விவரம் குடுக்கறது வழக்கம்தான். ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட முதல் நாள் கதை ஒண்ணு செய்வோம். ஷூ என்ன கலர், பல்லு விழுந்துச்சா, யாரு கொண்டு விடுவாங்கன்னு அதுங்ககிட்டயே கேட்டு, படிக்கறவங்ககிட்ட சொல்லுவேன். கேக்கற கதை தன் கதையா இருந்தா பயம் பாதி போயிடும். ஷூவும் பல்லும் நான் சொன்னதுதான். தவளைக்குட்டி, கண்ணைக் குடு, காதைக் குடு... இதெல்லாம் நான் சொன்னது இல்ல. அந்த ‘ம்’மை யாரு தம்பி சொல்லிக் குடுக்க முடியும்?

– படுக்கையில படிப்பா. நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அந்த ‘ம்’ கேக்கும். எரிச்சலா வரும். ‘வாயை மூடு, காலைல படகு எடுக்கணும்’னு கத்துவேன். அப்புறம் மெதுவா படிப்பா. ‘ம்’ மட்டும் கேக்கும்.

– தண்ணி குடிக்கறீங்களா?

– தண்ணி வேண்டாம்! அந்தக் கேசட்டுல இன்னும் என்ன இருக்கு?

– இந்தப் பக்கம் மிச்சம் அந்தக் கண்ணு எரியற கதைதான். மறுபக்கத்தை நான் கேட்டதில்ல. பாப்பாவுக்குப் போட்டதும் இல்ல. போட்டுப் பாக்கட்டுமா? மழையும் விடற மாதிரி இல்ல.

– போடுங்க.

– கொஞ்சம் சும்மா ஓடும். புதுக் கேசட்டு அப்படித்தான்... ஆ, வருது.

– “அம்மாத் தவளையும் அப்பாத் தவளையும் படகுல போனாங்க. ஆத்துல வேற யாருமே இல்ல. குட்டியைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்னு அம்மாத் தவளை சொல்லுச்சு. அப்பாத் தவளைக்குக் கோவம். அப்புறம் அம்மாத் தவளை தண்ணிக்குள்ள இருந்துச்சு. ம்...”

– பொய்! நான் தள்ளல!

– தம்பி...

– தள்ளவே இல்ல! கையைத்தான் ஓங்கினேன். அவளா பின்னால போனா. பலகை ஈரம். வழுக்கிச்சு!

– கதையில தள்ளினதாவே வரலையே தம்பி. யாருக்கு வழுக்குச்சு?

– அவளுக்கு.

– ஓடிப்போனவங்களுக்கா? அப்புறம் என்ன ஆச்சு?

– கத்தினா.

– என்னன்னு?

– படகைத் திருப்புங்கன்னு. கை மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.

– திருப்பினீங்களா?

– இன்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்கலன்னு... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

– கேக்கலையா?

– கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு, டீச்சர். இன்ஜின் எம்மேல கோவிச்ச மாதிரி உறுமிக்கிட்டே இருக்கு, அதையும் தாண்டிக் கேட்டுச்சு. கை சுக்கான் மேலதான் இருந்துச்சு. ஒரு இழுப்பு இழுத்தா திரும்பிடும். இழுக்கல. கரைக்கு வந்து இன்ஜினை நிறுத்தினேன், அப்பவும் கேட்டுச்சு. இப்பவும் கேக்குது. குழாயைத் திறந்தா கேக்குது. அதுக்குத்தான் ஊரை மாத்தறேன். தண்ணியே இல்லாத ஊருக்குப் போறேன்.

– ஓடிப்போயிட்டான்னு யாருக்கெல்லாம் சொன்னீங்க?

– எல்லாருக்கும்தான். போலீஸுக்கு. அவ அக்காவுக்கு. அந்தம்மா நம்பல, தினமும் வந்து கதவைத் தட்டினா. பாப்பாவுக்கு...

– பாப்பாவுக்கு என்ன சொன்னீங்க?

– உன்னைப் பிடிக்கல, அதான் போயிட்டான்னு.

– அடப்பாவி.

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணுமில்ல. மழையைச் சொன்னேன்.

– குடுங்க அந்தக் கேசட்டை!

– பாத்து தம்பி, நாடா சிக்கிடும். மூடியைத் திறந்துட்டு எடுங்க. மெஷின் தானமா வந்தது...

– இதை எரிச்சுட்டுத்தான் வேன்ல ஏறுவேன். பாப்பாவைக் கூப்பிட நானே ஸ்கூலுக்குப் போறேன். இங்க நடந்ததை எங்கயாவது மூச்சு விட்டீங்க...

– நான் எதுக்கு விடப் போறேன்? நான் வாயைத் திறந்தா சிங்கத்துக்குச் சட்டை போட்டுடுவேன்னு ஊருக்கே தெரியும். யாரு நம்புவாங்க? மணி அடிக்காம படிக்கறவங்களும் அதையேதான் சொன்னாங்க. ‘நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அக்கா. ஓடிப்போனவள்னு பேரு வெச்சாச்சு. அவரு வாயால வரணும்.’

– யாரு... யாரு சொன்னாங்க?

– “கீழ வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடிக்கிறான். அப்பாத் தவளைக்கு மேல் பட்டன் மாறியிருக்கு. ம்...”

– டீச்சர். ஸ்பீக்கரை நிறுத்துங்க.

– எதை நிறுத்தறது தம்பி?

– கேசட்டை!

– கேசட் உங்க கையிலதானே இருக்கு. பாருங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீங்க.

– அப்ப பேசறது யாரு?

– “தவளைக்குட்டி பச்சை வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு தபால்கார தாத்தாவோட பெரியம்மா வீட்டுக்குப் போயாச்சு. திங்கட்கிழமை அவளை அம்மா கொண்டு விடுவா. இடது ஷூவுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சு விடுவா. ம்...”

– அலமாரி... உள்ள...

– கதவுகிட்ட போகாதீங்க தம்பி. அது உள்பக்கம் தாழ்ப்பாள். அவங்களா திறந்தாதான் உண்டு.

– இப்போ திறக்கப் போறேங்க. உள்ள என் பக்கத்துல இருக்கற இன்ஸ்பெக்டரம்மாவும் எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. பயப்படாதீங்க, நான் பேயில்ல... நீங்க படகைத் திருப்பல, நான் நீந்தி வந்துட்டேன்.